தரம் 13 பிள்ளையும் வீட்டு அடுப்பும்

2025ஆம் வருடத்து க.பொ.த. உயர்தரப் பரீட்சை நவம்பர் 10ஆம் திகதி தொடங்குகிறது. கையில் இருப்பது இரண்டு மாதம். நம் தோட்டங்களில் இந்தப் பரீட்சைக்குத் தோற்றப் போகிற பெண் பிள்ளைகள் இருக்கிற வீடுகளைப் பற்றியும், அந்தப் பிள்ளைகளின் தாய்மாரைப் பற்றியும் இந்த இதழில் பேச விரும்புகிறோம்.

சங்கப் பத்திரிகையில் சம்பளம், சேமலாப நிதி, காணி, வீடு என்று எழுதுவதுதான் வழக்கம். பிள்ளையின் படிப்பு வீட்டுச் சங்கதி, அதைப் பாடசாலை பார்த்துக்கொள்ளட்டும் என்று சிலர் சொல்லக்கூடும். நாம் அப்படி நினைக்கவில்லை. தாய் எத்தனை மணிக்கு மலையிலிருந்து இறங்குகிறார், அவருக்கு முழுப்பேர் விழுந்ததா அரைப்பேர் விழுந்ததா என்பதைப் பொறுத்துத்தான் அந்தப் பிள்ளை இரவு எத்தனை மணிக்குப் புத்தகத்தை விரிக்கிறாள் என்பது இருக்கிறது. வேலை நேரமும் பேரும் சங்கத்தின் விஷயம் என்றால் இதுவும் சங்கத்தின் விஷயம்தான்.

ஒரு சாதாரண நாளை எடுத்துக்கொள்வோம். அம்மா விடிய நாலு மணிக்கு எழும்புகிறார். பீலியில் கூட்டம் சேருவதற்கு முன் இரண்டு குடம் தண்ணீர் பிடிக்க வேண்டும். ரொட்டி சுட்டு, சம்பல் இடித்து, எல்லோருக்கும் கட்டி வைக்க வேண்டும். மகள் நாலரைக்கு எழும்புகிறாள். விடியற்காலைதான் மூளை தெளிவாக இருக்கிற நேரம், அந்த நேரத்தில் படி என்று நாங்கள் வகுப்பில் சொல்கிறோம். ஆனால் அவள் இஸ்தோப்பைக் கூட்டி, தம்பிக்கு முகம் கழுவி விட்டு, தன் தலையைப் பின்னி முடிப்பதற்குள் ஐந்தே முக்கால் ஆகிவிடுகிறது. மேல் கணக்கிலிருந்து ரோட்டுக்கு இரண்டு கட்டை நடக்க வேண்டும். ஆறே காலுக்கு வருகிற இ.போ.ச. பஸ்ஸை விட்டால் அடுத்து வருவது தனியார் பஸ். அதில் பருவச்சீட்டு செல்லாது.

அம்மா சின்னவனைப் பிள்ளை மடுவத்தில் விட்டுவிட்டுப் பெரட்டுக்கு ஓடுகிறார். மத்தியானம் ஒரு நிறுவை, சாயந்திரம் நாலரைக்கு இன்னொரு நிறுவை. அதற்குப் பிறகு ஒரு கட்டு விறகு பொறுக்கிக் கொண்டு வீடு வந்து சேர ஆறு மணி. மகளுக்கு ஒன்றரைக்குப் பாடசாலை விட்டாலும் தரம் 13க்கு மேலதிக வகுப்பு இருக்கிறது. வீட்டுக்கு வரும்போது நாலு மணி. உடுப்பை மாற்றிக்கொண்டு முதலில் மடுவத்துக்குப் போய்த் தம்பியைத் தூக்கி வருகிறாள். அடுப்பை மூட்டுகிறாள். அரிசி களைந்து உலை வைத்து, ஒரு கறி, ஒரு பருப்பு. பிறகு காலையில் போட்டுவிட்டுப் போன சட்டி பானை. அம்மா வந்து குளித்து எல்லோரும் சாப்பிட எட்டு மணி. பத்துக்குப் பன்னிரண்டு அடிக் காம்பிராவில் ஐந்து பேர். அதற்குள் டீவி நாடகம். பக்கத்துக் காம்பிராவில் ஒரு ரேடியோ. புத்தகம் திறக்கப்படுவது ஒன்பது மணிக்கு. பத்தரைக்குக் கண் சொருகிவிடுகிறது.

இப்படிப்பட்ட நாளில் வீட்டு வேலை ஏறக்குறைய நாலு மணித்தியாலம், படிப்பு ஒன்றரை மணித்தியாலம். டவுனில் இருக்கிற பிள்ளை எழுதுகிற அதே வினாத்தாளைத்தான் இவளும் எழுதப் போகிறாள்.

இந்தக் கணக்கில் ஓர் ஆள் இன்னும் வரவில்லை. தகப்பன்.

கொழும்பில் கடையிலோ கட்டட வேலையிலோ இருக்கிற தகப்பன்மாரை விட்டுவிடுவோம். தோட்டத்தில் வேலை செய்கிற ஆண்களைப் பற்றிச் சொல்கிறோம். கவ்வாத்து, கான் வெட்டு, மருந்து அடிப்பு என்று ஆண்களுக்குக் கொடுக்கிற கணக்கு வேலை பெரும்பாலும் பகல் ஒரு மணி, இரண்டு மணிக்குள் முடிந்துவிடுகிறது. கொழுந்து எடுக்கிற பெண்ணுக்கு நாலரை வரை மலைதான். பேர் இரண்டு பேருக்கும் ஒன்றுதான். கவ்வாத்து லேசான வேலை என்று நாம் சொல்லவில்லை. சரிவில் நின்று கத்தி வீசுகிறவனுக்குத்தான் அந்தத் தோள் வலி தெரியும். வீட்டுக்கு வந்த பிறகு மரக்கறித் தோட்டத்தைப் பார்க்கிற, மாட்டுக்குப் புல் அறுக்கிற தகப்பன்மாரும் நிறையப் பேர் இருக்கிறார்கள். அப்படியிருந்தும் இரண்டு மணிக்கு வீட்டுக்கு வந்த ஆள் இருக்க, நாலு மணிக்கு வந்த பிள்ளை அடுப்பு மூட்டுவது என்ன நியாயம்? மடுவத்திலிருந்து பிள்ளையைத் தூக்கி வர ஆம்பிளைக்குக் கால் இல்லையா? அரிசி களைந்து உலையில் போட உயர்தரம் படித்திருக்க வேண்டியதில்லை.

இதைச் சொன்னதும் சில தகப்பன்மார், "அப்ப இனிமே அவ அம்மாவே செய்யட்டும், புள்ள படிக்கட்டும்" என்கிறார்கள். நல்ல மனதோடுதான் சொல்கிறார்கள். ஆனால் அப்படிச் செய்தால் நாலு மணிக்கு எழும்புகிற அம்மா மூன்றரைக்கு எழும்ப வேண்டி வரும். வேலை ஒரு பெண்ணின் தலையிலிருந்து இன்னொரு பெண்ணின் தலைக்கு மாறுகிறது, அவ்வளவுதான். இந்த இரண்டு மாதமாவது மடுவமும் விறகும் இரவுச் சோறும் வீட்டு ஆண்களின் பொறுப்பாக இருக்கட்டும். அண்ணன் தம்பிமாருக்கும் இதில் பங்கு உண்டு. அண்ணன் உயர்தரம் எழுதிய வருடம் அவனைத் தண்ணீருக்கு அனுப்பாத வீடுகள், தங்கை எழுதுகிற வருடம் அனுப்புகின்றன. தோட்டக் கமிட்டித் தலைவர்மாரில் பெரும்பாலோர் ஆண்கள்தான். அவர்கள் தங்கள் வீட்டில் முதலில் இதைச் செய்து காட்டினால், லயத்தில் மற்றவர்களுக்குச் சொல்வது சுலபமாக இருக்கும்.

அடுத்தது காசு. 2024 செப்டெம்பரில் நாட்சம்பளம் 1,350 ரூபாவாக நிர்ணயிக்கப்பட்டது. மாதம் 25 நாளும் முழுப்பேர் விழுந்தால் 33,750 ரூபா. சேமலாப நிதிக்கு 8 சதவீதம், அதாவது 2,700 ரூபா கழித்தால் 31,050. அதிலிருந்து சந்தா, முற்பணம், தேயிலைத் தூள் என்று மற்றக் கழிவுகள். வேலை 18 நாள்தான் கொடுத்தார்கள் என்றால் சேமலாப நிதி போக 22,356 ரூபா. நிறுவையில் கிலோ குறைந்து அரைப்பேர் விழுந்த நாட்களை இதில் நாம் சேர்க்கவே இல்லை.

இந்தச் சம்பளத்துக்குள்தான் தரம் 13 வருகிறது. தரம் 11 வரை அரசாங்கம் பாடப்புத்தகம் இலவசமாகத் தந்தது. உயர்தரத்துக்கு அப்படி இல்லை. தமிழ் மொழியில் நல்ல புத்தகம் கிடைப்பதே கஷ்டம், கிடைத்தாலும் விலை. போட்டோக்கொப்பிக் காசு தனி. சனிக்கிழமை ஹட்டனுக்கோ பண்டாரவளைக்கோ வகுப்புக்கு அனுப்பினால் பஸ்ஸும் சாப்பாடும் வகுப்புக் காசும் சேர்ந்து தாயின் ஒரு நாள் பேரை விழுங்கிவிடும். பிள்ளையைத் தனியாக அனுப்பப் பயந்து தாயும் கூடப் போனால் இன்னொரு பேரும் போகிறது.

ஆசிரியர்கள் என்ற முறையில் எங்கள் அபிப்பிராயத்தைச் சொல்லிவிடுகிறோம். உங்கள் பாடசாலையில் அந்தப் பாடத்துக்கு ஆசிரியர் இருந்தால், இந்தக் கடைசி இரண்டு மாதத்தில் புதிதாக டவுன் வகுப்பில் சேர்ப்பதால் பெரிய பிரயோசனம் இல்லை. கடந்தகால வினாத்தாள்களை எடுத்து, மணிக்கூட்டைப் பார்த்து, மூன்று மணித்தியாலம் உட்கார்ந்து எழுதப் பழகுவதுதான் இப்போது தேவை. எழுதியதைத் திருத்தித் தரச் சொல்லி ஆசிரியரிடம் கேளுங்கள். அது எங்கள் கடமை. அந்தப் பாடத்துக்கு ஆசிரியரே இல்லை என்றால் கதை வேறு. நம் பகுதியில் பல பாடசாலைகளில் உயர்தரத்துக்குக் கலைப் பிரிவையும் வர்த்தகப் பிரிவையும் தாண்டிப் போக முடியாத நிலை இருக்கிறது. விஞ்ஞானம், கணிதம் படிக்க வெளியூருக்குப் போகிற பிள்ளைகளின் பெற்றோர் கட்டுகிற காசு, அரசாங்கம் நிரப்பாத ஆசிரியர் வெற்றிடத்துக்காக அவர்கள் கட்டுகிற வரி. அதை வலயக் கல்விப் பணிமனையில் கேட்க வேண்டியது தனித்தனித் தாய்மார் அல்லர். சங்கம் கேட்க வேண்டும்.

2025ஆம் வருடம் தீபாவளி ஒக்டோபர் 20ஆம் திகதி வருகிறது. பரீட்சைக்குச் சரியாக மூன்று வாரம் முன்னால். தீபாவளி முற்பணத்தை வாங்கிச் செலவழித்தால் அடுத்த சம்பளங்களிலிருந்து அது வெட்டப்படும். அதாவது பிள்ளை பரீட்சை மண்டபத்துக்குப் போய்வருகிற நவம்பரிலும் டிசம்பரிலும் கைக்கு வருகிற சம்பளம் மெலிந்திருக்கும். பண்டிகை கொண்டாட வேண்டாம் என்று சொல்கிற உரிமை நமக்கு இல்லை. வருடத்துக்கு ஒரு நாள் நம் பிள்ளைகள் புதுத்துணி உடுத்துவதில் யாருக்கும் பொறாமை வேண்டாம். உயர்தரப் பிள்ளை இருக்கிற வீட்டில், முற்பணத்தில் ஒரு பங்கைப் பஸ் காசென்று தனியாக முடிந்து வையுங்கள் என்று மட்டும் கேட்கிறோம். இந்த ஒரு தீபாவளிக்கு மாமன் மச்சான் வீடுகளில் குறை சொன்னால் சொல்லிவிட்டுப் போகட்டும்.

பாடசாலைக் கூட்டத்துக்குப் பெற்றோர் வருவதில்லை என்று எங்கள் ஆசிரியர் அறைகளில் ஒரு பேச்சு உண்டு. வராத தாயிடம் ஒருமுறை கேட்டபோது அவர் சொன்னது இது: "டீச்சர், மீட்டிங்குக்கு வந்தா பேர் போயிருது. வராட்டி புள்ள மூஞ்சிய தூக்கி வச்சிக்கிது. நான் எதப் பாக்கிறது?" இதற்கு நாங்கள் பதில் சொல்ல முடியாது. தோட்ட நிர்வாகமும் பாடசாலையும் சங்கமும் சேர்ந்து சொல்ல வேண்டிய பதில் அது. தவணை ஆரம்பத்திலேயே கூட்டத் திகதிகளைப் பாடசாலை எழுதித் தந்தால், தோட்டக் கமிட்டித் தலைவர் அதைத் துரையிடம் கொடுத்து, அன்றைக்கு அந்தத் தாய்மார் இரண்டு மணித்தியாலம் பிந்தி மலைக்கு வந்தாலும் பேர் வெட்டக்கூடாது என்று பேசலாம். கேட்பது வருடத்துக்கு மூன்று நாலு காலை நேரங்கள். கொழுந்து கூடின காலத்தில் ஞாயிற்றுக்கிழமையும் வேலைக்கு வா என்று நிர்வாகம் கேட்கும்போது இந்தத் தாய்மார்தானே வருகிறார்கள்.

கூட்டத்துக்கு வந்து என்ன செய்யப் போகிறேன், எனக்கு எழுத்துத் தெரியாதே என்று கூசுகிற தாய்மாருக்கு ஒன்று சொல்ல வேண்டும். 1945இல் நாட்டுக்கு இலவசக் கல்வி வந்தபோது தோட்டப் பாடசாலைகள் அதற்கு வெளியே நிறுத்தப்பட்டன. 1948இல் பிரஜாவுரிமையும் பறிக்கப்பட்டது. தோட்டப் பாடசாலைகளை அரசாங்கம் பொறுப்பேற்கத் தொடங்கியதே 1970களில்தான். அதுவரை ஒரு மண்டபம், ஓர் ஆசிரியர், ஐந்தாம் வகுப்போடு சரி. இன்றைக்குத் தரம் 13 பிள்ளையின் பாட்டி படிக்காமல் போனதற்கும், தாய் இடையில் நின்றதற்கும் அவர்களின் மூளை காரணமில்லை. புத்தகத்தில் என்ன இருக்கிறது என்று தாய்க்குத் தெரிய வேண்டியதும் இல்லை. மகள் படித்து முடிக்கும் வரை பக்கத்தில் வெற்றிலை மடித்துக்கொண்டு கண் விழித்திருக்கிற தாய்மாரை நாங்கள் அறிவோம். அந்தப் பிள்ளைகள் வகுப்பில் வித்தியாசமாகத் தெரிகிறார்கள்.

போன் விஷயத்திலும் வீடுகளில் சண்டை நடக்கிறது. வீட்டில் நல்ல போன் ஒன்றுதான், அது தகப்பனிடமோ அண்ணனிடமோ இருக்கும். ஆசிரியர்கள் குறிப்புகளையும் வினாத்தாள்களையும் வட்ஸ்அப் குழுவில் போடுகிறார்கள். பெண் பிள்ளை கையில் போன் இருந்தால் லயத்தில் நாலு பேர் நாலு விதமாகப் பேசுவார்கள் என்று தாய் பயப்படுகிறார். அந்தப் பயம் வெறும் பயம் என்று தள்ளிவிட முடியாது, ஏமாந்த பிள்ளைகளையும் பார்த்திருக்கிறோம். அதற்காகப் போனைப் பிடுங்கி வைத்தால் பாடமும் சேர்ந்து போகிறது. சாயந்திரம் ஏழிலிருந்து எட்டு வரை, அம்மா இருக்கும்போது, காம்பிராவுக்குள்ளேயே பார்க்கட்டும். அந்த நேரம் அண்ணன் போனைக் கொடுத்துவிட வேண்டும், டேட்டாவும் போட்டுக் கொடுக்க வேண்டும். லயத்துப் பேச்சுக்குப் பயந்து பிள்ளையை மறித்தால், அந்த லயம் நாளைக்கு அவளுக்குச் சோறு போடாது.

பெண் கேட்டு வருகிறவர்களுக்கு, பரீட்சை முடியட்டும், பெறுபேறு வரட்டும் என்று ஒரே வார்த்தையில் பதில் சொல்லி அனுப்புங்கள். அதைப் பிள்ளையின் காதுபடவே சொல்லுங்கள்.

படிக்க இடம் வேண்டும். ஐந்து பேர் படுக்கிற காம்பிராவில் ஒரு பிள்ளைக்காக எல்லோரும் இருட்டில் இருக்க முடியாது. தோட்டத்தில் கோயில் மண்டபம் இருக்கிறது, சில இடங்களில் வாசிகசாலை இருக்கிறது, சனசமூகக் கட்டடம் இருக்கிறது. பூட்டித்தான் கிடக்கின்றன. நவம்பர் வரை சாயந்திரம் ஆறிலிருந்து ஒன்பது வரை அவற்றைத் திறந்து, இரண்டு பல்பு போட்டு, நாலு மேசை வைத்தால் போதும். பெண் பிள்ளைகளைத் திரும்ப வீட்டில் கொண்டுபோய் விட மாதர் பிரிவிலிருந்து முறை வைத்து இரண்டு பேர் வரலாம். கோயில் கமிட்டியிடம் இன்னொன்றும் கேட்க வேண்டும். கந்தசஷ்டியும் கார்த்திகையும் பரீட்சையைச் சுற்றித்தான் வருகின்றன. லவுட்ஸ்பீக்கரை மண்டபத்துக்குள்ளே கேட்கிற அளவுக்குக் குறைத்தால் முருகன் கோபித்துக்கொள்ள மாட்டார்.

இப்போதே பார்க்க வேண்டிய ஒரு காரியம் அடையாள அட்டை. பிறப்புச் சான்றிதழில் ஒரு பெயர், பாடசாலை இடாப்பில் ஒரு பெயர், அட்டையில் எழுத்துப் பிழையோடு இன்னொரு பெயர் என்பது நம் மக்களுக்குப் பழகிப்போன சங்கதி. தகப்பன் பெயரைச் சிங்களத்தில் எழுதியபோது மாறியது, தமிழுக்குத் திரும்ப வரும்போது இன்னும் மாறியது. பரீட்சை மண்டப வாசலில் அதைச் சரிசெய்ய முடியாது. இன்றைக்கே எல்லாவற்றையும் ஒன்றாக வைத்து எழுத்தெழுத்தாக ஒப்பிட்டுப் பாருங்கள். பிழை இருந்தால் அதிபரிடமும் கிராம உத்தியோகத்தரிடமும் போங்கள். தனியாகப் போகத் தயக்கமாக இருந்தால் சங்கப் பிரதிநிதியைக் கூட்டிக்கொண்டு போங்கள்.

கடைசியாக, நாங்கள் மிகவும் கவலைப்படுகிற விஷயம். தரம் 13 டிசம்பரில் முடிவதில்லை. 2024 நவம்பரில் தொடங்கிய பரீட்சைக்குப் பெறுபேறு வந்தது 2025 ஏப்ரல் 26ஆம் திகதி. பரீட்சை முடிந்து நாலு மாதம். அந்த நாலு மாதத்தில்தான் நம் பிள்ளைகள் கையைவிட்டுப் போகிறார்கள். சும்மா வீட்டில் இருக்கிறாளே, கொழும்பில் துணிக்கடைக்குப் போகட்டும், கார்மென்ட்டுக்குப் போகட்டும், இரண்டு காசு வரும் என்று அனுப்புகிறோம். கடன் இருக்கிற வீடு அனுப்பத்தான் செய்யும், அதைக் குற்றம் சொல்ல நாம் வரவில்லை. ஆனால் பெறுபேறு வருகிற நேரம் பிள்ளை அங்கே பன்னிரண்டு மணித்தியாலம் நிற்கிறாள். பல்கலைக்கழகத்துக்கு விண்ணப்பிக்கக் கொடுக்கிற காலம் சில வாரங்கள். இணையத்தில்தான் விண்ணப்பிக்க வேண்டும். சான்றிதழ்கள் தோட்டத்தில், பிள்ளை கொழும்பில். திகதி போய்விடுகிறது. மூன்று பாடமும் சித்தியடைந்து, கடையில் துணி மடிக்கிற பிள்ளைகள் நமக்கு இருக்கிறார்கள்.

பல்கலைக்கழக அனுமதியில் பெரும்பாலான துறைகளுக்கு 40 சதவீதம் நாடு முழுவதற்குமான திறமை அடிப்படையிலும், 55 சதவீதம் மாவட்ட அடிப்படையிலும், 5 சதவீதம் கல்வியில் பின்தங்கிய 16 மாவட்டங்களுக்கு மேலதிகமாகவும் ஒதுக்கப்படுகிறது. நுவரெலியா, பதுளை, மொனராகலை, இரத்தினபுரி ஆகியவை அந்த 16இல் அடங்கும். கண்டி, மாத்தளை, கேகாலைத் தோட்டங்களில் இருக்கிற பிள்ளைகளும் இதே லயத்தில்தான் படிக்கிறார்கள், ஆனால் மாவட்டத்தின் பெயரால் அந்த 5 சதவீதம் அவர்களுக்கு இல்லை. இது தனியாக எழுத வேண்டிய ஓர் அநியாயம். பல்கலைக்கழகம் கிடைக்காவிட்டால் தேசிய கல்வியியற் கல்லூரிகள் இருக்கின்றன. பத்தனையில் ஸ்ரீபாத கல்லூரி நம் வாசலிலேயே இருக்கிறது, தங்கிப் படித்து ஆசிரியராக வெளியே வரலாம். அதற்கும் அறிவித்தல் வரும், கடைசித் திகதி இருக்கும்.

ஆகவே கொழும்புக்கு அனுப்புகிற வீடுகள், பிள்ளையின் சுட்டெண்ணையும் அடையாள அட்டைப் பிரதியையும் பாடசாலையில் கொடுத்துவிட்டு அனுப்புங்கள். அவள் போகிற இடத்துப் போன் இலக்கத்தையும் கொடுங்கள். பெறுபேறு வந்த அன்றைக்கே நாங்கள் அழைப்போம், விண்ணப்பம் போடுகிற இரண்டு நாளைக்கு லீவு கேட்டு வரச் சொல்வோம். ஒவ்வொரு தோட்டத்திலும் தரம் 13 பிள்ளைகளின் பெயர்ப் பட்டியலை மாதர் பிரிவுத் தலைவிமார் ஒக்டோபர் சம்பள நாளுக்கு முன் எடுத்து, ஒரு பிரதியை மாவட்டக் காரியாலயத்துக்கும் ஒரு பிரதியைப் பாடசாலைக்கும் அனுப்ப வேண்டும். பட்டியலில் ஒவ்வொரு பெயருக்கும் பக்கத்தில், சாயந்திரம் அந்த வீட்டில் சோறு ஆக்குவது யார் என்றும் ஒரு வரி எழுதி அனுப்புங்கள்.